பேகம்பூருக்கு மூணு பர்சன்ட்!

திண்டுக்கல் ஜங்ஷனில் நான் இறங்கியபோது விடியற்காலை நாலேகால். என்னிடம் இருந்தவை: ஒரு வெள்ளைக் கோல், தோளில் ஒரு பை, கல்யாணப் பரிசாக ஒரு மிக்ஸி, மூணு பர்சன்ட் சார்ஜுடன் ஒரு செல்போன், கிட்டத்தட்ட அரைக் கிலோ எடையில் ஒரு பவர் பேங்க்.

மூணு பர்சன்ட் என்று போனே சொல்லிற்று. எனக்குக் கண் தெரியாது. பிறவியிலேயே. உடனே 'த்சொ... த்சொ...' என்று ஆரம்பித்து விடாதீர்கள். இந்தக் கதையில் அனுதாபத்துக்குரிய ஜீவன் என் போன்தான்.

கேஷ் கவுன்ட்டரில் என் பக்கத்து நாற்காலி நண்பனுக்கு சொந்த ஊர் திண்டுக்கல் பேகம்பூர். தங்கைக்கு நிக்காஹ். "மாப்ளே, நீ வராம இருந்தா லோன் செக்‌ஷன்ல சொல்லி உன் ஃபைலைத் தொலைச்சுருவேன்" என்று அன்பாக அழைத்திருந்தான். பிரியாணி உண்டா என்று கேட்கவில்லை. பேகம்பூர் கல்யாணத்தில் அதையெல்லாம் கேட்பது அநாகரிகம்.

'கண் தெரியாதவனுக்கு எதுக்கு செல்போன், அதுக்கு எதுக்கு பவர் பேங்க்?' என்று ஆபீசிலேயே சிலருக்குச் சந்தேகம். கேட்க மாட்டார்கள். டீ நேரத்தில் என் போனையே உற்றுப் பார்ப்பார்கள். (பார்ப்பது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? திடீரென்று எல்லோரும் பேச்சை நிறுத்தினால் வேறு என்ன அர்த்தம்!)

விஷயம் எளிது. ஸ்கிரீனில் விரலை நகர்த்தினால், விரலுக்குக் கீழே இருப்பதைப் போன் படித்துச் சொல்லும். ஆண்ட்ராய்டில் டாக்பேக். ஆப்பிள்காரர்கள் 2009-ல் ஐபோனில் வாய்ஸ்ஓவர் கொண்டு வந்தார்கள். ரூபாய் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்ல ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரி முதல் தேதி 'மணி' என்று ஓர் ஆப் வெளியிட்டது. கடிதம் படிக்க ஓர் ஆப், வழி சொல்ல ஓர் ஆப், ஆட்டோ கூப்பிட ஓர் ஆப். எதிலும் சரிப்படவில்லையா, 'பி மை ஐஸ்' இருக்கிறது. பார்வை குறைந்த ஒரு டேனிஷ்காரர் 2015-ல் ஆரம்பித்தது. பட்டனைத் தட்டினால் முன்பின் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் வீடியோ காலில் வந்து, "உங்க சட்டை நீலம், ஆனா பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க" என்பார்.

ஸ்கிரீனை அணைத்து வைத்தபடியே எல்லாம் செய்யலாம். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் எட்டி எட்டிப் பார்த்து ஏமாந்து போவார். 'அப்போ சார்ஜ் மிச்சமாகுமே' என்பீர்கள். ஆகும். ஆனால் கேமரா, ஜிபிஎஸ், ஓயாத பேச்சு எல்லாம் சேர்ந்து மிச்சம் பிடித்ததை மாலைக்குள் தின்றுவிடும். உங்களுக்கு போன் செத்தால் கிரிக்கெட் ஸ்கோர் போச்சு. எனக்கு, தெரு போச்சு.

அதனால்தான் பவர் பேங்க். ரிச்சி தெருவில் வாங்கினேன். கறுப்புக் கண்ணாடி, கையில் கோல் சகிதம் நிற்கிற என்னிடம் கடைப் பையன் சொன்னான்: "சார், இதை எடுங்க. நாலு லைட் இருக்கு. ஃபுல்லா இருந்தா நாலும் எரியும். பார்க்கவே சூப்பரா இருக்கும்!"

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

கொஞ்ச நேரம் மௌனம். "வீட்ல யாராச்சும் பாப்பாங்கல்ல சார்..."

இருபதாயிரம் மில்லி ஆம்பியர் என்று அட்டையில் போட்டிருந்ததாம். கேட்டு மயங்காதீர்கள். அது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. போனுக்கு வருவது 5 வோல்ட்டாக மாற்றி. மாற்றுகிற கூலியும் போக, என் 5,000 மில்லி ஆம்பியர் போனை இரண்டரை, மூன்று தடவை நிரப்பும். அதுவே தாராளம். விமானத்திலும் தடை இல்லை. 100 வாட்-ஹவர் வரை கைப்பையில் கொண்டு போகலாம். இது 74 தான். பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்ப மட்டும் கூடாது.

கல்யாணத்துக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதைச் செருகி, சுவிட்சைத் தடவி 'ஆன்' என்று நிச்சயம் செய்துகொண்டுதான் படுத்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகியிருந்த சுவரின் சுவிட்ச் 'ஆஃப்' என்பது, ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு தெரிந்தது. கண்ணுள்ள எவனும் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பான், லைட் எரியவில்லையே என்று. நான் எட்டு மணி நேரம் ஒரு செங்கல்லுக்கு சார்ஜ் போட்டேன்.

மறுநாள் ராத்திரி ரயில். ரயில் பெட்டியின் சார்ஜ் பாயின்ட்டுகளுக்கு ராத்திரி 11 முதல் காலை 5 வரை கரன்ட்டை நிறுத்தி வைப்பது என்று 2021 மார்ச்சில் ரயில்வே முடிவெடுத்தது. தூங்குகிற நேரத்தில் தீப்பிடித்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். நமக்கென்ன கவலை, நம்மிடம்தான் பேங்க் இருக்கிறதே! பத்து மணிக்கு போன் எண்பது பர்சன்ட். டைப்-சி ஒயரின் ஒரு முனையைப் போனிலும் மறு முனையைப் பேங்கிலும் சொருகினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். திருப்தியாகத் தூங்கினேன். அந்த 'டிங்' எதிர் பர்த்காரர் போனில் வந்த மெசேஜ்.

மூணு மணிக்கு விழிப்பு வந்து போனைத் தொட்டேன். "பேட்டரி ஒன்பது சதவீதம்."

மறுபடி தொட்டேன். அது மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு சின்ன சயின்ஸ். டைப்-சி ஒயரின் இரண்டு முனையும் ஒரே மாதிரி. யார் கொடுப்பது, யார் வாங்குவது என்பதை இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும். பேங்க் சுத்தமாகக் காலி என்றால் அதனால் கொடுக்க முடியாது. என்ன செய்யும்? வாங்கும். என் போன் விடிய விடிய அதற்குப் பால் ஊட்டியிருக்கிறது. கடன் கேட்கப் போன இடத்தில் பர்ஸையும் பிடுங்கிக்கொண்ட கதை! ஆனால் இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: பேங்க் திவால். ஒயரைப் பிடுங்கி, அதைத் திட்டி, பைக்குள் எறிந்தேன்.

"ஸ்டேஷன்ல இறங்கினதும் கால் பண்ணு மாப்ளே, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றிருந்தான் நண்பன். பண்ணினேன். ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. கல்யாண வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்தவன் எப்படி எடுப்பான்? மூன்றாவது தடவை பண்ணும்போது, போன் ஒரு சோக மெட்டுப் போட்டுவிட்டு அணைந்தது.

நண்பனின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. உங்களுக்கு உங்கள் நண்பர்கள் நம்பர் மனப்பாடமா? வீட்டு அட்ரஸ் வாட்ஸ்அப்பில். அவன் அத்தா பெயர் பத்திரிகையில். பத்திரிகை? போட்டோவாகப் போனில்.

பயந்தேன். ஒளிப்பானேன். கோல் இருக்கிறது, வாய் இருக்கிறது, எத்தனையோ ஊரில் தனியாக இறங்கியிருக்கிறேன். ஆனால் எதிரே வருகிறவர்களிடம் 'என்னைக் கொண்டுபோய் விடுங்கள்' என்று கேட்காமல் வந்து சேரத்தான் இத்தனை ஏற்பாடும். பத்து வருஷமாகச் சேர்த்த அந்த கெத்து, ஒரு சுவர் சுவிட்சில் போனது. பிளாட்பாரத்தில் யாரோ என் முழங்கையைப் பிடித்து, கேட்காமலேயே எங்கோ இழுத்தார். "எங்கண்ணே போகணும்?"

ஆட்டோக்காரர். "பேகம்பூர்."

"பேகம்பூர்ல எங்கிட்டு?"

"கல்யாண வீடு."

"இன்னிக்கு அங்க மூணு கல்யாணம்ண்ணே!"

யோசித்தேன். பேச்சுவாக்கில் நண்பன் சொன்னது ஒன்று ஞாபகம் வந்தது. பாங்கு சத்தத்தில்தான் வீட்டில் எல்லோரும் எழுந்திருப்போம், பெரிய பள்ளிவாசலுக்கு அவ்வளவு பக்கம் என்பான். "பெரிய பள்ளிவாசலுக்கு விடுங்க."

திண்டுக்கல்லைப் பார்த்தவர்கள் முதலில் மலைக்கோட்டையைச் சொல்வார்கள். 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டியது. மலை திண்டு மாதிரி இருப்பதால் ஊருக்கு அந்தப் பேராம். எனக்கு ஊர் வேறு வரிசையில் வந்தது. முதலில் குளிர்காற்று. அப்புறம் மூட்டை மூட்டையாகப் பூ போகிற வாசனை. ஒரு வளைவு திரும்பியதும், நனைந்த தோலும் சுண்ணாம்பும் கலந்த ஒரு நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. "பேகம்பூர் வந்துருச்சா?" என்றேன். ஆட்டோக்காரர் அசந்துவிட்டார். "எப்படிண்ணே?"

தோல் ஷாப்புகள்! ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது இந்தப் பக்கத்தின் பழைய தொழில். ஊருக்குச் சோறு போட்டது. நிலத்தடி நீரைக் கெடுத்ததும் அதுதான். அந்தக் கணக்கு தனி. அன்று அந்த நெடி எனக்கு ஜிபிஎஸ். சார்ஜ் வேண்டாத ஜிபிஎஸ்.

இறங்கவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. தலைக்கு மேலே ஒரு குரல் எழுந்து, எதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பி, பள்ளிவாசல் எவ்வளவு பெரியது, முன்னால் எவ்வளவு திறந்த இடம் இருக்கிறது என்று எனக்கு அளந்து காட்டியது.

1755-ல் மைசூர் ராஜாவின் ஃபவுஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தவர் ஹைதர் அலி. அவருடைய தங்கை அமீருன்னிசா பேகம் இந்த ஊரில் காலமாகி இங்கேதான் அடங்கியிருக்கிறார். அந்த பேகத்தின் பெயர்தான் பேகம்பூர். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பார்கள். எல்லாம் ஞாபகத்திலேயே. கணக்கு, ஆள், குதிரை, பாக்கி எல்லாம் தலைக்குள். அந்த வாசலில் நின்றபோது அந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமை வந்தது. எனக்கு ஒரு பத்து நம்பர் ஞாபகம் இல்லை!

"தம்பி, இங்கிட்டு வாங்க, படி இருக்கு" என்று ஒரு குரல். டீக்கடை. பெஞ்சில் உட்கார வைத்து, கேட்காமலே டீ கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். "போனைக் குடுங்க, சார்ஜ் போடுவோம். ஏறட்டும். அதுக்குள்ள எங்க போகப் போறீங்க?" என்றார் கடைக்காரர்.

இரண்டாவது டீயில்தான் அந்தச் சத்தம் கேட்டது. கல்லாவைத் திறக்கும்போது, சாவி திரும்பத் திரும்ப, 'டிங்... டிங்...' ரயிலில் கேட்ட 'டிங்' என்னை ஏமாற்றியதால் காது உஷார்.

"அது என்னங்க?"

"தாத்தா காலத்துப் பெட்டி தம்பி. மணிப் பூட்டு."

பெஞ்சின் மறுகோடியிலிருந்து ஒரு பெரியவர் பேச ஆரம்பித்தார். பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவராம். "திண்டுக்கல் பூட்டுன்னா சும்மாவா? சாவி ஒவ்வொரு சுத்துக்கும் மணி அடிக்கும். திருட்டுப்பய தொறந்தா வீட்டுக்காரனுக்குக் கேக்கணும்ல!" என் கையைப் பிடித்துப் பெட்டியில் வைத்தார். சாவியைச் சுற்றினேன். உள்ளே ஒவ்வொரு லீவராகத் தூக்கிக்கொள்வது விரலுக்குத் தெரிந்தது. மணி அடித்தது. இன்னொரு சுற்று. மணி. நாக்கு வெளியே வந்து நின்றதும் சாவி 'போதும்' என்று சொல்லிவிட்டது. எத்தனை சுற்று, பூட்டியாச்சா, பாதியில் நிற்கிறதா, எல்லாம் கையிலும் காதிலும்.

மாங்காய் வடிவத்தில் ஒரு பூட்டு இருக்கிறது, பேரே மாங்காய்ப் பூட்டு. எல்லாம் கையால் செய்வது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியவருக்கு அதில் ரொம்பச் சந்தோஷம் இல்லை. "அலிகார்ல மிஷின்ல அடிச்சுத் தள்றான். சர்ட்டிபிகேட்ட வச்சு என்ன பூட்டுறது?" என்றார்.

நான் பையிலிருந்து என் செங்கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல மணி இல்லையா?"

"நாலு லைட் இருக்குங்க."

"உங்களுக்கு எதுக்கு லைட்டு?"

ரிச்சி தெருவில் நான் கேட்ட அதே கேள்வி! வாஷிங் மெஷின் வேலை முடிந்தால் பாட்டுப் பாடுகிறது. கார் பின்னால் வந்தால் பஜனை. ஐந்து பைசா சாமான் ஒரு 'பீப்'. அதை இதில் வைக்க எவனுக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் பயன்படும்படியான பொருள்களை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவே இருக்கிறது. சட்டத்தைத் தடவிப் பார்த்தால் இருக்கிறது. பவர் பேங்கைத் தடவிப் பார்த்தால் இல்லை.

லைட்டைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் 'சீயிங் ஏஐ' ஆப்பில் வெளிச்சத்தைச் சத்தமாக மாற்றும் வசதி உண்டு. இருட்டறையில் கேமராவை மேலே பிடித்தால், எரிகிறதா இல்லையா என்று ஸ்ருதியில் தெரியும். நாலா, மூணா என்று எனக்குப் பிடிபட்டதில்லை. 'பி மை ஐஸ்' ஆளைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லலாம். இரண்டுக்கும் போனில் சார்ஜ் வேண்டும். போனில் சார்ஜ் இருந்தால் நான் ஏன் சாமி பவர் பேங்கைத் தேடுகிறேன்?

அரை மணியில் போன் உயிர் பெற்றது. பதினொரு மிஸ்டு கால். நண்பன்! "டேய், எங்கடா இருக்கே? ஸ்டேஷன் பூரா தேடிக்கிட்டு இருக்கேன்!"

"உங்க ஊர்ல, உங்க பள்ளிவாசல் எதிர்ல, மூணாவது டீ குடிச்சிட்டிருக்கேன்."

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். "நம்ம பாய் வீட்டு விருந்தாளியா! முதல்லயே அவன் பேங்க் வேலைன்னு சொல்லியிருந்தா வீட்டுக்கே கொண்டு வந்து விட்ருப்போமே" என்றார் கடைக்காரர். நண்பனின் பெயரைச் சொல்லியிருந்தேன், வேலையைச் சொல்லவில்லை. அந்தப் பெயரில் அந்தத் தெருவில் ஆறு பேராம்.

நிக்காஹ் முடிந்து சஹனில் உட்கார்ந்தோம். 1957-ல் தலைப்பாகை கட்டிய நாகசாமி நாயுடு ஆரம்பித்த கடையால் திண்டுக்கல் பிரியாணி உலகமெல்லாம் போயிருக்கலாம். கல்யாண வீட்டுச் சீரக சம்பா வேறு ஜாதி. வாசனை வந்து சேர்ந்த ஐந்தாவது நிமிஷம்தான் தட்டே வந்தது. இதற்கு மேல் எழுதினால் ஆபீசில் படிக்கிறவர்கள் மத்தியானம் லீவு போட்டுவிடுவார்கள்.

சாப்பாடு முடிந்து திண்ணையில் இருந்தபோது, நண்பனின் அக்கா மகன் பையைக் குடைந்தான். ஆறு வயது. "மாமா, இது என்ன?"

"கெட்டுப்போன பவர் பேங்க்."

பட்டனை அமுக்கினான். "கெடலையே மாமா. ஒரு லைட் எரியுதே!"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ராத்திரி என் போனிலிருந்து உறிஞ்சிய சார்ஜ் அத்தனையும் அதற்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. ஸ்டேஷனில் அதே ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகியிருந்தால், வாங்கினதில் பாதியாவது திருப்பிக் கொடுத்திருக்கும். தோளில் சார்ஜைச் சுமந்துகொண்டே சார்ஜ் இல்லாமல் நின்றிருக்கிறேன்!

நண்பனின் அத்தா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "லைட்டை எண்ணுறதை இவன்கிட்ட விடுங்க தம்பி, சும்மாதான் சுத்திட்டுத் திரியிறான்" என்றார். சுவரில் சார்ஜ் போட்டோம். இந்தத் தடவை சுவர் சுவிட்சை நானே ரெண்டு தரம் தடவினேன். கொடுக்கிற ஓட்டை எது, வாங்குகிற ஓட்டை எது என்று தடவிப் பார்த்து, இனி போனுக்கு அகல ஓட்டையில் பழைய ஒயர்தான் என்று முடிவு செய்தேன். அதில் கொடுக்க மட்டும்தான் முடியும், பிடுங்க முடியாது. அடையாளத்துக்கு நண்பனின் அக்கா அந்தப் பக்கத்தில் ஒரு பொட்டு நகப் பாலிஷ் வைத்துக் கொடுத்தார். காய்ந்தால் விரலுக்கு நன்றாகத் தட்டுப்படும். கலர் சிவப்பாம். இருக்கட்டும்.

சாயங்காலம் பூரா பயல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எங்கிருந்தோ ஓடி வந்தான். "ரெண்டு லைட்டு மாமா!" அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "மூணு!" நடுவில் ஒரு தரம், "ரெண்டரை!" மூணாவது மினுக்குகிறதாம்.

ராத்திரி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாயிற்று. மடியில் பிரியாணிப் பொட்டலம். வண்டி கிளம்பி, தோல் ஷாப் நெடி மூக்கில் ஏறுகிற நேரத்தில், பின்னாலிருந்து ஒரு கத்தல் துரத்திக்கொண்டு வந்தது.

"மாமோவ்! நாலும் எரிஞ்சிருச்சு! பேங்கை விட்டுட்டுப் போறீங்க!"